உப்புத்தாள் தேய்த்த இடம்

இது எனக்கு நடந்தது இல்லை. கோவையில் என் அறையில் ஒன்றரை வருடம் கூடத் தங்கியிருந்த மணிபாரதி சொன்னது. அதையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. துணி காயப்போடும்போது கொஞ்சம், காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம். அவன் துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தான், நான் ஒரு கூரியர் அலுவலகத்தில். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரிகள். அதனால் அவன் பயந்த விதம் எனக்கு எளிதில் புரிந்தது. புரிந்துவிட்டதாலேயே அவன் சொல்லாத சிலவற்றை நான் சேர்த்திருக்கக்கூடும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைச் செய்த கம்பெனியின் பெயரையும் அதன் முழு எண்ணையும் எழுதவில்லை. நம் பக்கம் அந்த வகையை வைத்திருப்பவர்கள் சிலர்தான், யாருடையது என்று தெரிந்துவிடும். இனி வரும் 'நான்' மணிபாரதி. ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து அவன் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

பத்தரை. இந்தக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும், அப்படியானால் பத்து இருபத்தெட்டு. துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்த டீச்சர் பன்னிரண்டுக்கு வருவதாகச் சொன்னார். கடை முதலாளி பியூலா மேடம் சென்னை ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரவும் பன்னிரண்டு ஆகிவிடும். வாங்க வரும் குன்னூர்க்காரர் இரண்டு மணிக்கு. ஆக எனக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை, பரீட்சையில் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருக்கும்போது இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்ப்பது போல. மேசையில் பச்சைக் கம்பளித் துணி, துணியின் மேல் அந்தக் கைத்துப்பாக்கி. எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னுகிறது. வியாழக்கிழமை இது கறுப்பாக இருந்தது, கறுப்புக்கு அடியில் ஒரு நீலம், மயில் கழுத்தில் நிழல் விழுந்தால் வருமே அது போல, அதை நான் பார்த்தேன், பார்த்தும் அழுக்கு என்று நினைத்தேன். இப்போது ஜன்னல் தெரிகிறது அதில், ஜன்னல் கம்பி தெரிகிறது, என் மூக்கு தெரிகிறது. வலது பக்கம், விசைக்கு மேலே, எண்கள். ஆறு இலக்கம். ஐந்து படிக்க முடிகிறது. ஆறாவது இருந்த இடத்தில் வழவழப்பு. நகத்தால் தடவினால் ஏதோ தட்டுகிறது, கண்ணால் பார்த்தால் இல்லை. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் ஒரு வளைவு வருகிறது, வளைவா என் கண்ணின் ஈரமா தெரியவில்லை, டார்ச்சை எடுத்தால் போய்விடுகிறது. இதை நேற்றிலிருந்து நாற்பது தடவை செய்துவிட்டேன். நாற்பத்தொன்றாவது தடவை மட்டும் எண் எழுந்து வந்து உட்காருமா என்ன.

வியாழக்கிழமை டீச்சர் இதைக் கொண்டுவந்தபோது ஒரு தோல் உறைக்குள் இருந்தது, உறை ஒரு மஞ்சள் பைக்குள், பை ஒரு டிபன் கூடைக்குள். தெய்வநாயகி டீச்சர், கோபிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. அவருடைய அப்பா நாச்சிமுத்து ரைஸ்மில் வைத்திருந்தவர், போன வருடம் இறந்துபோனார், லைசென்ஸ் அவர் பெயரில். வாரிசுக்கு மாற்றுவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மாற்றிய கையோடு விற்றுவிட வேண்டும் என்று வந்திருந்தார். "எனக்கு இது வேண்டாங்க. பீரோவுல இருக்குதுன்னாவே தூக்கம் வர்றதில்ல. பாம்பு புகுந்த வூட்டுல படுத்த மாதிரி இருக்குது." மேடம் சிரித்துக்கொண்டே மேகசினைக் கழற்றினார், மேல் பாகத்தைப் பின்னால் இழுத்து உள்ளே பார்த்தார், சுண்டுவிரலை விட்டும் பார்த்தார், அதற்குப் பிறகுதான் உட்காரச் சொன்னார். மேடம் எப்போதும் அப்படித்தான், துப்பாக்கிக்கு முதல் மரியாதை, ஆளுக்கு இரண்டாவது. வலது பக்கம் முழுக்க ஒரு பழுப்புப் படலம், அதன் மேல் சிவப்பு, மர அடுப்பில் வைத்த சட்டியின் அடி மாதிரி. "இதென்னங்க டீச்சர், துருவா சந்தனமா?" என்று மேடம் கேட்டார். "ரெண்டும் இருக்குமுங்க. அப்பா வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு மில்லு மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டு, கடசியா இதுக்கு வெப்பாரு. சாமிக்கு வெச்சதைத் தொடைக்கக் கூடாதுன்னுவாரு. அப்படியே உறைக்குள்ள போட்டுருவாரு." மேடம் உறையை மோந்து பார்த்தார். "தோலு தண்ணியக் குடிச்சு வெச்சுக்கும். தோல் உறையில வெக்கறதும் ஈரத்துணியில சுத்தி வெக்கறதும் ஒண்ணுதான். அதுக்கு மேல சந்தனம் வேற. உங்கப்பா சாமி கும்புட்டே இதைப் பாதி கொன்னுட்டாருங்க." டீச்சருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், அவர் சிரித்துவிட்டார். "மில்லு மிஷினையும் அப்படித்தான் கொன்னாரு."

சாயங்காலம் மேடம் மகளைப் பார்க்கச் சென்னை கிளம்பினார். கிளம்பும்போது சொன்னது ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது, அதுதான் கஷ்டம், மறந்திருந்தால் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். "மணி, அந்தக் கோபித் துப்பாக்கிய எண்ணெய்த் துணியால ஒருக்கா ஒத்தி எடுத்து வை. வேற ஒண்ணும் பண்ணாத. கழட்டாத." ஒத்தி எடு. தேய் என்று சொல்லவில்லை. ஒத்தி எடுப்பது என்றால் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார் என்று கேட்கவில்லை. காலேஜிலும் அப்படித்தான், நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு தடவைகூடக் கை தூக்கிச் சந்தேகம் கேட்டதில்லை, பக்கத்தில் இருப்பவன் கேட்பானா என்று காத்திருப்பேன். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் எண்ணெய்த் துணியால் துடைத்தேன், சந்தனம் கரைந்து வந்தது, சிவப்பு வந்தது, அதற்கு அடியில் பழுப்பு வரவில்லை. திங்கட்கிழமை குன்னூரிலிருந்து ஆள் வருகிறார். எஸ்டேட்காரர், குடும்பத்தில் எல்லோர் லைசென்ஸிலுமாகப் பதினோரு பழைய துப்பாக்கி வைத்திருப்பவர். அவர் முன்னால் இந்தப் பழுப்போடு இதை வைப்பதா என்று எனக்குள் ஒரு வெட்கம் வந்தது. என் பொருள் இல்லை, என் கடை இல்லை, இருந்தும் வெட்கம். பின்னறை டிராயரில் பித்தளை பாலிஷ் இருந்தது. அது போதவில்லை. அதற்கு அடியில் உப்புத்தாள் இருந்தது, நைஸ் ரகம், தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது.

அப்பாதான் கண்ணுக்குள் வந்தார், இப்போது நினைத்தால் தெரிகிறது, தேய்த்த அந்த ஒரு மணி நேரமும் என் கை என் கையாக இல்லை. பொள்ளாச்சியில் அப்பா வேலை பார்க்கும் கயிறு மில்லில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மிஷின் ஓடாது. எல்லோரும் குந்தி உட்கார்ந்து மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வைத்துத் தேய்ப்பார்கள். அப்பாவின் மிஷின்தான் எப்போதும் பளபளப்பு. முதலாளி கைகட்டிக்கொண்டு ஒவ்வொரு மிஷினாகப் பார்த்து வருவார், அப்பா மிஷின் முன்னால் நின்று, "ராமசாமி பொண்டாட்டியக்கூட இப்படி வெச்சுக்க மாட்டான் போல" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார், வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொல்ல மாட்டார், என்னிடம் சொல்வார். எங்கள் வீட்டில் ஒரு பொருள் பழசாகத் தெரிந்தால் அது எங்கள் குறை. கரி பிடித்த பாத்திரம் இருந்தால் அம்மா விருந்தாளி முன்னால் அதை முதுகுக்குப் பின்னால் மறைப்பார். பழசு பழசாகவே இருந்தால்தான் விலை என்று ஒரு உலகம் இருக்கிறது என்பது எனக்கு யார் சொல்லியும் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி மேடத்தின் அலமாரியில் இருந்த விலைப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன், குன்னூர்க்காரர் என்ன கேட்பார் என்று தயார் செய்துகொள்ளலாம் என்று. நல்ல எண்ணத்தில்தான் எடுத்தேன். பழைய கைத்துப்பாக்கியை மதிப்பிடும் விதம் என்று ஒரு அத்தியாயம். பாகங்களில் உள்ள முத்திரைகளைப் பார்க்க வேண்டும், எந்த ஊரில் பரிசோதித்தார்கள் என்று அவை சொல்லும். மேகசின் அதனோடு பிறந்ததா என்று பார்க்க வேண்டும். பிடியின் ஓரம் உடைந்திருக்கிறதா, குழலுக்குள் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா. இவை எல்லாவற்றுக்கும் மேல், தொழிற்சாலை ஏற்றிய முதல் நிறம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது. துருவோடு இருந்தாலும் அதுவே மேல். தேய்த்துப் பளபளப்பாக்கியதைச் சேகரிப்பவர்கள் கையில் எடுக்க மாட்டார்கள். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, விரலை மட்டும் அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் சொல்லிவிடுவேன். விலை குறைந்துவிட்டது, என் தப்பு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். சொல்வேன்தானே. சொல்வேன் என்றுதான் நேற்றுக் காலை குளிக்கும்போது நினைத்தேன். நேற்று ஞாயிறு, கடை இல்லை, இருந்தும் சாவி என்னிடம் இருந்ததால் வந்து எடுத்துப் பார்த்தேன், லைசென்ஸ் புத்தகத்தை வைத்து எண்ணை ஒப்பிட்டேன், அப்போதுதான் ஆறாவது இலக்கம் இல்லை என்பது தெரிந்தது. வெள்ளிக்கிழமை பழுப்புக்கு அடியில் எண் இருக்கிறது என்று தெரியாமல் தேய்த்திருக்கிறேன், துரு அரித்து ஏற்கனவே மேலோட்டமாக இருந்த இடம். ஆயுதச் சட்டம் பியூலா மேடத்தின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே ஒரு தாளாக இருக்கிறது, தினமும் அதன் மேல்தான் டீ வைக்கிறேன். எண்ணை அழிப்பது குற்றம். எண் இல்லாத துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, வேறு விதமாக நிரூபிக்கும்வரை, அவர்தான் அழித்ததாக எடுத்துக்கொள்ளப்படும். யார் கையில். என் கையில். கடை மேடத்துடையது, ஆக மேடம் கையில். லைசென்ஸ் டீச்சர் வீட்டுடையது, நாளைக்கே வேண்டாம் என்று திரும்ப எடுத்துக்கொண்டு போனால் டீச்சர் கையில். தலைமையாசிரியை கையில் எண் அழித்த துப்பாக்கி. மூன்று பேரில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று போலீஸ் யோசிக்கும்போது நான் வாயைத் திறக்க வேண்டும், திறப்பேனா, கை தூக்கி ஒரு சந்தேகம்கூடக் கேட்காதவன்.

குரூப் ஃபோர் ரிசல்ட் வந்து நான்கு மாதம். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தது. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. வீட்டுக்கு ஒரு ஏட்டு வருவார், பையன் எப்படி என்று பக்கத்து வீட்டில் கேட்பார், என் மீது வழக்கு ஏதாவது உண்டா என்று ஸ்டேஷனில் பார்ப்பார். அம்மா அதற்காக வாசலில் இருந்த ஓட்டைப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டு புதுசு வாங்கி வைத்திருக்கிறார், யாரையும் அதில் உட்கார விடுவதில்லை. "ஏட்டு வந்து உக்காரட்டும், அப்பறம் நீங்க உக்காருங்க." அப்பா தரையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். ஊரில் நான் துப்பாக்கிக் கடையில் இருப்பது ஒரு வேடிக்கை. மாமா ஒவ்வொரு தடவையும் கேட்பார், "மாப்ள, ரெண்டே ரெண்டு தோட்டா கொண்டாடா, காட்டுப்பன்னி மரவள்ளிய நோண்டிப்போடுது." "லைசென்ஸ் இருக்குதா மாமா?" என்பேன். "பன்னிகிட்ட லைசென்ஸ் இருக்குதா?" என்பார். இப்போது அந்த ஏட்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாளைப் பிரித்து, ஆயுதச் சட்டம் என்று வாசிக்கிறார். அம்மாவுக்கு அது என்னவென்று புரியாது. புரியாமலேயே, டீ போடட்டுங்களா என்று கேட்பார். இந்தக் காட்சி நேற்றிலிருந்து வருகிறது. ஏட்டின் முகம் மட்டும் மாறுகிறது, நாற்காலி அதே நாற்காலி.

பத்தே முக்கால். இல்லை, பதினொன்று. மின்விசிறி நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று, கரண்ட் போனதுகூடத் தெரியவில்லை. கழுத்து வேர்க்கிறது. வேர்வைக் கையால் தொடக்கூடாது, விரல் ரேகை படிந்த இடத்தில் துரு வரும், ஒவ்வொரு தடவை தொட்ட பிறகும் எண்ணெய் போட வேண்டும், ஒரு சொட்டுப் போதும், அதிகம் போட்டால் தூசி ஒட்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தேர்தலுக்கு முன்னால் எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைத்தபோது முன்னூற்றுப் பதினேழையும் நான்தான் எண்ணெய் போட்டு வைத்தேன், ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை, மேடம் என் அப்பாவிடம் போனில், "உங்க பையன் கை பஞ்சு மாதிரிங்க" என்றார். பஞ்சுக்கை. ஒப்படைத்த துப்பாக்கிகளுக்குத் தகர வில்லையில் எண் அடித்துக் கட்டுவோம். அதற்கு ஒரு மரப்பெட்டி, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து இரும்பு ஆணிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு எண் தலைகீழாக. நம்பர் பஞ்ச். சுத்தியால் ஒரு தட்டு. அந்தப் பெட்டி நேற்றிலிருந்து ஞாபகத்தில் இருக்கிறது, இருப்பதை ஒத்துக்கொள்ளாமல் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன், ஏட்டையும் நாற்காலியையும்கூட அதற்காகத்தான் நினைத்தேனோ என்னவோ. இப்போது பெட்டி மேசையில் இருக்கிறது. நான்தான் பின்னறைக்குப் போய் எடுத்துவந்திருக்கிறேன்.

லைசென்ஸ் புத்தகத்தில் கடைசி எண் எட்டு. சந்தேகமே இல்லாத எட்டு, நீல மையில், கலெக்டர் அலுவலகத்துக் குண்டுக் கையெழுத்தில். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் எட்டு, எட்டு, எட்டு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஒரு அதிகாரி அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அரசாங்கமே எட்டு என்கிறது. அங்கே எட்டு இருந்தது. இருந்த எட்டைத் திரும்ப வைப்பது பொய் இல்லை, கிழிந்த சட்டையைத் தைப்பது மாதிரி, விழுந்த ஓட்டை எடுத்துக் கூரையில் வைப்பது மாதிரி. யாருக்கு என்ன நஷ்டம். டீச்சருக்கு நல்லது, மேடத்துக்கு நல்லது, அம்மாவுக்கு நல்லது. பெட்டியில் எட்டை எடுத்தேன். உயரம் கொஞ்சம் பெரிசு, துப்பாக்கியில் உள்ள மற்ற ஐந்தும் அரிசி அளவு, இது கோதுமை. லேசாகத் தட்டினால் சிறிசாகத் தெரியும். ஒரு தகர வில்லையில் அடித்துப் பார்த்தேன். நன்றாக விழுந்தது. பஞ்சுக்கை. இன்னொரு வில்லையில் இன்னும் லேசாக. அதுவும் நன்றாக. சுத்தியை ஒரு முறை வைத்தேன், மறுபடி எடுத்தேன். கயிறு மில்லில் ஒரு தடவை பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்துபோய், அப்பா யாரிடமும் சொல்லாமல் பற்றவைத்து ராவி வைத்துவிட்டார், முதலாளி பார்க்கவேயில்லை, அப்பா ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, மிஷினில் எந்தச் சத்தம் வந்தாலும் திரும்பிப் பார்த்தார், கடைசியில் அவராகவே போய்ச் சொன்னார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. அப்பா சொன்னதும் இல்லை. இது பல் இல்லை, எண். பற்றவைப்பது இல்லை, தட்டுவது, ஒரே தட்டு. துணியை மடித்து முட்டுக்கொடுத்தேன். ஆணியின் நுனியை வழவழப்பின் மேல் நிறுத்தினேன். இரும்பு இரும்பைத் தொடும்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது, பல் டம்ளரில் படுவது மாதிரி. சுத்தியை எவ்வளவு உயரத்தில் பிடித்தேன் என்று யாராவது கேட்டால் ஒரு சாண் என்பேன். அந்த ஒரு சாணில் ஒன்று தோன்றியது. மற்ற ஐந்து எண்ணையும் என் கண்ணால் பார்க்கிறேன், ஆறாவதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. தேய்க்கும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது மாதிரி இரும்பில் எழுதப்போகிறேன். எழுதிவிட்டால் அது எனக்கே தெரிந்தது ஆகிவிடும், இருபது வருடம் கழித்து யார் கேட்டாலும் எட்டு என்பேன், சத்தியம் செய்வேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிரில் கதவு தட்டும் சத்தம். பதினொன்று முப்பத்தைந்து. "தம்பி, இருக்கீங்களா? பஸ் சீக்கிரமா கெடச்சுது, வந்துட்டனுங்க." டீச்சர். சுத்தியைக் கீழே வைத்தேன், ஆணியை வைத்தேன், எதையும் மறைக்கவில்லை, மறைக்க எந்தக் கை என்று தெரியவில்லை. கதவைத் திறந்தேன். டீச்சர் உள்ளே வந்து முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து மேசையைப் பார்த்தார். "இது எங்களுதா?"

"உங்களுதுதாங்க. நான் கெடுத்துட்டனுங்க." குரல் என்னுடையது மாதிரி இல்லை. "மேடம் ஒத்தி எடுக்கச் சொன்னாங்க. நான் உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டேன். வாங்கறவங்களுக்கு இப்ப இது வேண்டாம். விலை பாதிக்கும் கீழ போயிருமுங்க. நம்பரும் ஒண்ணு அழிஞ்சு போச்சு. அது குத்தம், போலீஸ் கேஸ். உங்க மேல வராது, நான் எழுதிக் குடுத்தர்றேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "எதுக்குத் தம்பி தேச்சீங்க?" வகுப்பில் கேட்கும் குரல், திட்டுவதற்கு முன்னால் காரணம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரல்.

"நல்லா இருக்கணும்னுங்க."

"ம்." திட்டியிருக்கலாம். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார், மூடியைத் திருகி மூடினார், மறுபடி திறந்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். "இந்தக் காசுலதான் மில்லுல வேலை பாத்த மூணு பேருக்குக் குடுக்கறதா இருந்தேன். அப்பா சொல்லிட்டுப் போனாரு," என்றார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தார், தலை இன்னும் ஈரம். துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் டீச்சரிடம் சொன்னதை அப்படியே சொன்னேன், இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது, அதுவே பயமாக இருந்தது. மேடம் கேட்டுக்கொண்டே மேகசினைக் கழற்றி, மேல் பாகத்தை இழுத்து, உள்ளே பார்த்தார். அதன்பிறகு மரப்பெட்டியைப் பார்த்தார். பெட்டியில் எட்டு இருக்கும் குழி காலி. தகர வில்லைகள் இரண்டு. "இது எதுக்கு வெளிய இருக்குது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். தகர வில்லை அடித்தேன் என்றால் நம்பியிருப்பார். டீச்சர்கூட அதைக் கவனிக்கவில்லை. "அடிச்சுரலாம்னு எடுத்தேன் மேடம். லைசென்ஸ்ல எட்டுன்னு இருக்குது. வெச்சுப் பாத்தேன். அடிக்கல." தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிறார்கள், அது கிளம்பவில்லை. "தேச்சது முட்டாத்தனம்," என்றார் கடைசியில். "அதை நான் திட்டித் தீத்துக்குவேன். இதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல மணி. நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்." வில்லைகளை எடுத்துப் பார்த்தார். "அழகா வேற அடிச்சிருக்க." டீச்சர் எழுந்து மேசைக்குக் கிட்டத்தில் வந்து நின்றார். மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "நடந்ததை நடந்தபடி எழுது. தேதி போடு. பஞ்ச் எடுத்ததையும் எழுது."

மணிபாரதி சொன்னது இவ்வளவுதான். அவன் எழுதிய தாளை மேடம் தன் கடிதத்தோடு சேர்த்து அன்றே ஸ்டேஷனுக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் கொடுத்தாராம். குன்னூர்க்காரர் துப்பாக்கியைக் கையில் எடுக்காமலே கிளம்பிவிட்டாராம். வழக்கு எதுவும் பதிவாகவில்லை, விசாரணை என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவனாகவே கடையை விட்டு நின்றான். இதை எழுதும் நாள்வரை அவனுக்குப் பணி ஆணை வரவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எழுதுவதற்கு முன்னால் அவனிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனேன். அவன் சொன்னதில் எவ்வளவு சரி என்று பார்க்காமல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பியூலா மேடம் இந்த விவகாரத்தின் கோப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். கடிதம் கொடுத்த பிறகு அதிகாரிகள் முன்னிலையில் துப்பாக்கியை முழுவதும் கழற்றியிருக்கிறார்கள். அந்த ரகத்தில் குழலின் அடிப்பக்கத்திலும் அதே எண்ணைத் தொழிற்சாலையிலேயே பொறித்திருப்பார்களாம், கழற்றினால்தான் தெரியும். அவனிடம் கழற்றாதே என்று சொல்லியிருந்ததால் அவன் பார்த்ததில்லை. கோப்பில் அந்த இடத்தின் போட்டோ இருந்தது, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தது. எண்ணெய் படிந்த கறுப்பு இரும்பில் ஆறு இலக்கமும் இருந்தன, எதுவும் தேயவில்லை. நான் லைசென்ஸ் புத்தகத்தின் நகலைப் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தேன். ஐந்தும் ஒத்துப்போயின. ஆறாவது எட்டு அல்ல, மூன்று.